திருப்பிப் போடாத கொடி

"ஹலோ, மைக் டெஸ்டிங். ஹலோ, ஹலோ."

பச்சைப் பசேலென்று கிடந்த சர்க்கரைவள்ளித் தோட்டத்தின் நடுவே சாமியானா போட்டு, அதன் கீழே நின்று என் வீட்டுக்காரர் மைக்கோடு பேசிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. மார்கழிப் பனி கொடிகளின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கேட்க ஆள் என்று பார்த்தால் சவுண்டு சர்வீஸ்காரரும், நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர்களும், மோர்ப்பானையோடு நானும்தான். அதற்கே அவர் "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டார்.

"போதும், எறங்கி வாங்க. வர்றவங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றேன்.

"நீ சும்மா இரு விஜயா. ரோடு வரைக்கும் கேக்குதான்னு பாக்கணுமில்ல?" என்று மைக்கிலேயே பதில் சொன்னார்.

அது ரோடு வரைக்கும் கேட்டது. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். நான் மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன்.

போன வாரம் நான் எழுதிய என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு மகள் போன் செய்தாள். "அப்பாவக் கொஞ்சம் விட்டு வையேம்மா, பாவம்" என்றாள். விட்டு வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இந்தத் தோட்டம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது. இதைத் தாண்டி வேறு எதையும் எழுத முடியவில்லை.

கதவைச் சாத்திச் சாப்பிட்டது

சர்க்கரைவள்ளிக் கிழங்கு எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, அதைப் பார்த்தாலே ஒரு கூச்சம் என்று சொல்ல வேண்டும்.

என் அப்பா திருவண்ணாமலையில், தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது பக்கத்துச் சந்தில், வரிசையாக ஆறேழு குடித்தனம் இருந்த வீட்டில். ஒரு சுவர்தான் நடுவில். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தெரியும். மாதக் கடைசியில் அரிசி தீர்ந்துவிட்டால் அம்மா சந்தையிலிருந்து கிழங்கு வாங்கி வந்து ராத்திரிக்கு அதை அவிப்பாள். அவிக்கும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள், வெல்லமும் ஈர மண்ணும் கலந்தாற்போல. அது எந்தச் சுவரையும் மதிக்காது.

அதற்காக அம்மா ஒரு காரியம் செய்வாள். கதவைச் சாத்திவிட்டு, வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கடுகைப் போட்டு நன்றாக வெடிக்க விடுவாள். பின்னாலேயே கொஞ்சம் கறிவேப்பிலை. பக்கத்து வீட்டில் இருப்பவர்கள், நம் வீட்டில் குழம்பு தாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். தாளிப்பு சும்மா வாணலியில் கிடக்கும். நாங்கள் கிழங்கைத் தோல் உரித்துத் தின்போம். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, "நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு? வாசன தூக்கிச்சு" என்று கேட்பாள். தெரிந்துதான் கேட்டாளா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலம் நீச்சுள்ள வீட்டில் கல்யாணம் ஆனபோது ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அது மல்லாட்டை விளையும் பூமி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கிழங்கின் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

எதிர்ச் சாரி

அவர் பெயர் தனபால். நல்ல மனிதர், உழைப்பாளி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இதையெல்லாம் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். ஆனால் எனக்கு அவரைப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.

நான் காலேஜில் ஒரு வருடம் படித்தவள். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அதுகூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசத் தெரியாது அவருக்கு. கிணற்று மேட்டிலிருந்து மல்லாட்டைக் கொல்லைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் மைக் வைத்திருந்தால் எப்படியும் அது அவர் கைக்குப் போய்விடும். மணமக்களை வாழ்த்த ஆரம்பித்து யூரியா தட்டுப்பாட்டில் கொண்டு வந்து முடிப்பார்.

தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமனாருக்கு என்று ஒரு மூட்டை பச்சை மல்லாட்டையைத் தோளில் சுமந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வீதி வழியாக நடந்தே வந்தார். ஆட்டோவில் போகலாம் என்றதற்கு, "இதுக்குப் போயி ஆட்டோவா?" என்று சிரித்தார். மூட்டையிலிருந்து மண் உதிர்ந்து அவருடைய புதுச் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று நான் எதிர்ச் சாரியில் நடந்தேன். அவர் கவனித்தாரா இல்லையா என்று தெரியாது. நடுநடுவே ரோட்டைத் தாண்டி என்னிடம் ஏதோ கத்திப் பேசிக்கொண்டே வந்தார்.

பாய் சொன்ன யோசனை

கிழங்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது ஜமால் பாயால். டவுனில் அவருக்குக் கிழங்கு மண்டி. அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிற மண்டி.

அப்போது மாவட்டம் தனியாகப் பிரிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. சுற்றுப் பாதை நெடுக அவித்த கிழங்கு, சுண்டல், வேகவைத்த மல்லாட்டை என்று கூடை வியாபாரம். பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். பூசணி, மொச்சை, கரும்போடு சர்க்கரைவள்ளியும் இல்லாமல் எந்த வீட்டிலும் படையல் கிடையாது.

"தனபாலு, எனக்கு வர்ற கெயங்கு பூராம் வெளியூர்ச் சரக்கு. வந்து எறங்கறதுக்குள்ள பாதி அடிபட்டுடுது. உன் செம்மண்ணுல போட்டா சக்க போடு போடும். நீ போடு, நான் எடுத்துக்கறேன்" என்றார் பாய்.

போதுமே. மறுவாரமே என் வீட்டுக்காரர் வேங்கிக்காலில் இருக்கிற ஆபீஸுக்குப் போய், ஒரு விவசாய அதிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரேவதி என்று பெயர். ஈரோட்டுப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. மொபெட்டில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இறங்கினாள். நிலத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

மூன்று ரகம் கொண்டுவந்தாள். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த சிவப்புத் தோல், உள்ளே வெள்ளை. இன்னொன்று, தோலும் வெள்ளை, சதையும் வெள்ளை. மாவு மாதிரி வேகும் என்றாள். மூன்றாவதுதான் அவளுடைய செல்லம். வெட்டினால் உள்ளே காரட் நிறம். கண்ணுக்கு நல்லது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டியது என்று அதைப் பற்றிச் சொல்லும்போது அவள் பேச்சு வேகமாகிவிடும்.

ஒரு நாள் மோர் குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "எங்க ஆபீஸ் பெரியவருக்கு இதுல நம்பிக்கையே இல்லீங்க்கா. மல்லாட்டை மண்ணுல இதெல்லாம் வேலைக்காவாதுங்கறாரு. நான்தான் அடம் புடிச்சு வாங்கியாந்தேன். உங்க காட்டுல வந்துபோச்சுன்னா அடுத்த பட்டத்துக்கு மத்த ஊருக்கும் கொடி குடுப்பாங்க. வரலீன்னா அத்தோட மூட்டை கட்டச் சொல்லிப்போட்டாருங்க. என்னையும் சேர்த்துத்தான்."

மல்லாட்டை என்ற வார்த்தையை அவள் எங்களிடம்தான் கற்றுக்கொண்டாள். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவளும் சிரிப்பாள். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மல்லாட்டைக்காரர் மனசு

புரட்டாசியில் நட்டோம். மேடாக இழுத்த பார்களில், ஒவ்வொரு பாரிலும் மூன்று ரகமும் வருகிற மாதிரி, சாண் நீளத்துக்கு வெட்டிய நுனிக்கொடிகள். சின்ன அளவில் இல்லை. மல்லாட்டை போடுகிற நிலத்தில் பெரும்பங்கு கிழங்குக்குப் போய்விட்டது. செய்தால் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பது அவர் குணம்.

நட்ட அன்றே ரேவதி ஒன்றை அழுத்திச் சொன்னாள். "கொடி ஓடறப்ப ஒவ்வொரு கணுவும் தரையில வேர் உடும்ங்க. அப்படியே உட்டீங்கன்னா சத்தெல்லாம் அந்த வேருக்கே போயிரும். தூர்ல கெழங்கு எறங்காது. அதனால பத்து நாளைக்கு ஒருக்கா கொடியத் தூக்கி, அந்தண்டை திருப்பிப் போட்டுப்போடோணும். மழக்காலத்துல மறக்கவே கூடாதுங்க."

"அதுக்கின்னா மேடம், பண்ணிட்டாப் போச்சு" என்றார் இவர்.

இங்கேதான் மல்லாட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மல்லாட்டைச் செடி பூத்ததும், பூவின் காம்பு விழுது மாதிரி கீழே இறங்கி மண்ணுக்குள் போகும். மண்ணுக்குள் போன அந்த நுனிதான் காயாகும். விழுது இறங்க ஆரம்பித்துவிட்டால் கொல்லையில் யாரும் கால் வைக்கக் கூடாது. களை முளைத்தாலும் தொடக் கூடாது. அந்தச் சமயத்தில் ஒரு செடியை அசைத்தால் அத்தனை காயும் போச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள்.

முதல் தடவை கொடி திருப்ப இவர் வேலையாட்களோடு இறங்கினார். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொடியைப் பிடித்துத் தூக்கினார். கணுவில் இறங்கியிருந்த வெள்ளை வேர்கள் படபடவென்று அறுந்தன. அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். இன்னொரு கொடியைத் தூக்கினார். அதுவும் படபடவென்றது. கையை உதறிவிட்டு நிமிர்ந்துவிட்டார்.

"போதும், எல்லாம் மேல ஏறுங்க" என்றார் ஆட்களிடம்.

"ஏங்க, மேடம் சொன்னாங்களே?"

"அது படிச்ச பொண்ணு, புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுது. பூமிக்குள்ள எறங்கினத யாராவது புடுங்குவாங்களா? ஒவ்வொரு கணுவுலயும் ஒவ்வொரு கெயங்கு வெக்கப் போவுது, நீ பாரு. தூர்ல மட்டும் வெச்சா நாலு, கணுவெல்லாம் வெச்சா நாப்பது. ஜாஸ்தி வர்றதப் போயி கம்மி பண்ணிக்க சொல்றியா?"

எனக்குக் கிழங்கைப் பற்றித் தின்னத்தான் தெரியும். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, "எறங்கினத எடுக்கறதாவது, பைத்தியமா?" என்றார்கள். ஊரே மல்லாட்டை ஊர். அங்கே இதை மறுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ரோட்டோரத்து இரண்டு பார்

ஆனால் மேடத்தின் மனசு நோகக் கூடாது. அதிலும் அவருக்குக் கவலை இருந்தது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

ரேவதி புதன்கிழமைதான் வருவாள். மொபெட்டை ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கினால் முதலில் இருப்பது ரோட்டோரத்து இரண்டு பார். மழையில் சேறு என்பதால் அதைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இரண்டு பாரின் கொடிகளை மட்டும் பதமாகத் தூக்கித் திருப்பிப் போடுவார். அப்போதும் ஒவ்வொரு தடவையும் உச்சுக் கொட்டிக்கொண்டேதான் செய்வார்.

மறுநாள் அவள் குனிந்து கொடியைத் தூக்கிப் பார்ப்பாள். சுத்தமாக வரும்.

"பரவால்லீங்களே! தோட்டம் பூரா இப்படித்தானுங்களே?"

"பூரா திருப்பிட்டோம் மேடம். நேத்துதான்."

அவள் சந்தோஷமாக மோர் குடித்துவிட்டுப் போவாள். சொம்பை நீட்டும் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே என்னவோபோல் இருக்கும். இந்த மனிதர் இப்படிப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஏமாற்றுகிறாரே என்று வெட்கம். அதை வெளி ஆளிடம் சொல்லி வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை. என்ன இருந்தாலும் விளையப்போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தது. தோட்டம் தரை தெரியாமல் மூடிக்கொண்டது. தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பச்சையைப் பார்த்து ரேவதிக்கே தலைகால் புரியவில்லை. பெரியவரைக் கூப்பிட்டு, சுற்று வட்டார விவசாயிகளையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தோண்டி ஒரு வயல் விழா நடத்திவிடலாம் என்றாள். மைக் வைக்கலாமா என்று கேட்டார் இவர்.

எலிவால்

அப்படித்தான் அந்த மார்கழிக் காலையில் மைக் டெஸ்டிங் நடந்தது.

பத்து மணிக்குள் நல்ல கூட்டம். ஜமால் பாய் பொங்கல் வியாபாரத்துக்குச் சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வேங்கிக்காலிலிருந்து ஜீப்பில் பெரியவர் வந்தார். அதிகம் சிரிக்காத மனிதர். ரேவதி புதுப் புடவை கட்டியிருந்தாள். என் கையைப் பிடித்து, "அக்கா, ராத்திரி தூக்கமே இல்லீங்க்கா" என்றாள்.

தோட்டத்தின் நடு மையத்தில், சாமியானாவுக்குப் பக்கத்தில் தோண்ட வேண்டும் என்று இவர்தான் முடிவு செய்திருந்தார். அங்கேதான் பச்சை அதிகம். புது மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பெரியவர் கையில் கொடுத்தார். முதலில் கொடியை ஒதுக்கப் பார்த்தார்கள். வரவில்லை. இரண்டு ஆள் இழுத்தும் வரவில்லை.

"பாருங்க சார், எப்டிப் புடிச்சிகினு இருக்குதுன்னு!" என்றார் இவர் மைக்கில். கூட்டம் கை தட்டியது.

பெரியவர் வெட்டினார். மண்ணைப் புரட்டினார்கள். வேர் இருந்தது. கட்டுக் கட்டாக வேர், எலிவால் எலிவாலாக. தூரில் சுண்டு விரல் தடிமனுக்கு ரெண்டு மூணு, அவ்வளவுதான். அடுத்த ரகத்தில் வெட்டினார்கள். அங்கேயும் எலிவால். மூன்றாவது ரகத்தில் இவரே மண்வெட்டியை வாங்கி வெட்டினார். நாலு இடம், ஐந்து இடம் என்று வெட்டிக்கொண்டே போனார். மைக்கை யாரும் அணைக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவது அதில் கேட்டது.

கூட்டத்தில் பேச்சு கிளம்பியது.

"இன்னாடா இது, வெறும் வேரு?"

"மலட்டுக் கொடிடா. அந்தம்மா குடுத்தது மலட்டுக் கொடி."

"நல்ல மல்லாட்ட பூமியக் கெடுத்துட்டாங்களே!"

பெரியவர் கைக்குட்டையால் கையைத் துடைத்தார். "ரேவதி, நீங்க அடம் புடிச்சது இதுக்குத்தானா? நான் அன்னைக்கே சொன்னேனில்ல? திங்கக்கிழமை ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

ரேவதி கீழே கிடந்த ஒரு கொடியைக் கையில் எடுத்தாள். கணுவுக்குக் கணு தொங்கிய வேரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து இவரைப் பார்த்தாள்.

"கொடியத் திருப்பினீங்கதானுங்களே?"

இவர் முகம் வெளிறிப்போயிருந்தது. உதடு அசைந்தது. "திருப்பினோமே மேடம். நீங்களே பாத்தீங்களே" என்றார்.

அவள் கொடியைக் கீழே போட்டாள். அவளே பார்த்ததுதானே. என்ன சொல்வாள்? கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருடமாக எதிர்ச் சாரியில் நடந்து நடந்து சேர்த்து வைத்த வெட்கம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது என்றுதான் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஆளுக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையிலேயே நினைத்தேன்.

மண்வெட்டியை எடுத்தேன்

அவர் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ரோட்டோரத்துப் பாரை நோக்கி நடந்தேன். எனக்கு வெட்டத் தெரியாது. தாறுமாறாக ஓங்கினேன். நாலாவது வெட்டில் என்னவோ நறுக்கென்றது. கிளறினால் ஒரு கிழங்கு, என் முழங்கை கனத்துக்கு, நடுவில் துண்டாகி உள்ளே காரட் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் இன்னும் மூன்று.

"சார், இங்க வந்து பாருங்க!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஜமால் பாய் ஒரு துண்டை எடுத்து மண்ணைத் துடைத்து, கடித்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்றார்.

"ரோட்டோரம் மண்ணு வேறயா இருக்கும்" என்றார் ஒருவர்.

"மண்ணு ஒண்ணுதான். இந்த ரெண்டு பாருலதான் கொடியத் திருப்பினோம். அதுவும் மேடம் வந்தா பாக்கறதுக்காக. மீதி எங்கயும் திருப்பல. மேடம் சொன்னாங்க, நாங்க செய்யல" என்றேன்.

எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர், இவருக்கு மாமன் முறை, "எம்மா, இன்னா பேச்சு இது? பத்து பேர் நடுவுல கட்டனவன இப்டியா வுட்டுக் குடுப்பாங்க?" என்றார். "அந்தப் பொண்ணு அழுவுதேன்னு பாவப்பட்டு ஏதோ சொல்லுது, வுடுங்க" என்றார் இன்னொருவர். பலரும் தலையாட்டினார்கள். நான் சொன்னதை யாரும் நம்பத் தயாராக இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது.

ஆபீஸ் பெரியவர் இவரைப் பார்த்தார். "என்னங்க தனபால், உங்க வீட்டம்மா சொல்றது உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் மொத்தமும் அவர் பக்கம் நின்றது. நான் பொய்க்காரியாவேன், அவ்வளவுதான்.

அவர் மைக்கை எங்கோ போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நெசம்தாங்க. அவ சொல்றதுல ஒரு எழுத்து தப்பு இல்ல. கொடியத் தூக்கினா படபடன்னு அறுந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. மல்லாட்டைக்குப் பண்ற மாதிரி வுட்டுட்டேன். மேடத்துகிட்ட பொய் சொன்னேன். இப்ப கேட்டப்பவும் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல சார். கொடி நல்ல கொடி."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கணுவுக்கு ஒரு கிழங்கு என்று அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சிரிப்பு முடியும் வரை நின்றார். ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சாமியானா பிரித்த பிறகு

பெரியவர் ரோட்டோரத்துப் பாரை முழுக்க வெட்டச் சொல்லி, மூன்று ரகத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த பட்டத்துக்கு ரேவதியின் கொடி ஊர் ஊராகப் போனது. அவளும் அந்த வேலையிலேயே இருந்தாள், பிறகு மேலே மேலே போனாள். எங்களுக்கு அந்தப் பொங்கல் கிழங்கு இல்லாத பொங்கல். கொடியெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. வெகு காலம் வரை எங்கள் நிலத்துக்கு "எலிவால் கொல்லை" என்றுதான் பெயர். பஸ்ஸில் இறங்கும்போது கண்டக்டரே அப்படிச் சொல்லித்தான் விசில் கொடுப்பார்.

அதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் மறுபடி கிழங்கு போட்டு, தோட்டம் முழுக்கக் கொடி திருப்பினார். உச்சுக் கொட்டுவதை மட்டும் விடவில்லை.

எனக்கு மறக்காதது அன்றைய சாயங்காலம். சாமியானாவைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலிகளும் போய்விட்டன. வெட்டிப்போட்ட பாரின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"விஜயா, நீ பண்ணது சரிதான். நான் அத இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்? மண்வெட்டியப் புடுங்கறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சி, 'ஏங்க, பாவங்க அந்தப் பொண்ணு, சொல்லிடுங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே சொல்லியிருக்க மாட்டேனா?"

சொல்லியிருப்பார். ஊரே தன் பக்கம் நின்றபோதும் உண்மையைச் சொன்ன மனிதர்தானே. ஆனால் அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட, எதற்காகவும், தோன்றியதில்லை.

"தோணலைங்க" என்றேன்.

"சரி விடு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார். நான் அங்கேயே நின்றேன். அன்று காலையிலிருந்து அவருக்காக எவ்வளவு வெட்கப்பட்டேனோ, அதற்கும் மேலே என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.